‘பொய்’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது எந்தச் சொல்லை எங்கே வைப்பது

வேலூர் சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் ஒட்டிய தட்டச்சுக் கடைகளில், எதிராளியின் புகாருக்கு ஆங்கிலத்தில் மறுப்பு எழுதித் தரச் சொன்னால், ‘ஃபால்ஸ், ஃப்ரிவலஸ், வெக்சேஷியஸ், பேஸ்லெஸ், கன்காக்டட் அண்ட் ஃபேப்ரிகேட்டட்’ என்ற வரிதான் பெரும்பாலும் முதலில் வந்து விழும். ஆறு சொல்லும் சேர்ந்து ‘சுத்தப் பொய்’ என்ற ஒரே கருத்தை அழுத்தமாகச் சொல்வதாக எழுதுபவரும் நினைக்கிறார், கையெழுத்துப் போடுபவரும் நினைக்கிறார். ஆனால் அவற்றில் ஒன்று செய்தி தவறு என்கிறது. ஒன்று அதற்கு ஆதாரமே இல்லை என்கிறது. ஒன்று அலைக்கழிப்பதற்காகவே போட்டது என்கிறது. இன்னொன்று யாரோ உட்கார்ந்து இட்டுக்கட்டினார் என்கிறது. இவை வெவ்வேறு குற்றச்சாட்டுகள் என்பதால், படிக்கிற அதிகாரியோ எதிர்த்தரப்பு வழக்கறிஞரோ ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ‘இதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்’ என்று கேட்க முடியும். ஆகவே சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது கோபத்தின் அளவைப் பார்க்காமல், கையில் இருக்கும் காகிதம் எதைக் காட்டும் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு விதியின் விரிவுதான்.

முதலில், மிகச் சாதாரணமான ‘ஃபால்ஸ்’. இந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு முகங்கள் உண்டு. உண்மைக்கு மாறானது என்பது ஒன்று. ஏமாற்றும் எண்ணம் கொண்டது என்பது மற்றொன்று. ‘ஃபால்ஸ் ஸ்டேட்மென்ட்’ என்று எழுதினால் முதல் பொருளை மட்டும் நீங்கள் நினைத்திருந்தாலும், படிப்பவர் மனத்தில் இரண்டாவதும் சேர்ந்தே எழும். எனவே செய்தி தவறு என்று மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் ‘இன்கரெக்ட்’ என்பதும், எண்ணோ அளவோ தேதியோ துல்லியமாக இல்லாத இடத்தில் ‘இன்ஆக்யுரேட்’ என்பதும் போதும். ‘அன்ட்ரூ’ இவற்றைவிடச் சற்றுக் கடுமையானது. ஆனாலும் சொன்னவரின் உள்நோக்கத்தைத் தொடாது. மனுவில் ‘ராங்’ என்று எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. அது கணக்குத் தவறையும் குறிக்கும், அறம் தவறியதையும் குறிக்கும்.

தவறு என்றே சொல்லக் கூடாத இடமும் உண்டு. வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒரு பாதியாக இருந்து வேலூர் என்று பெயர் பெற்ற மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. பழைய கிரயப் பத்திரத்தில் ‘வட ஆற்காடு மாவட்டம், வாலாஜா வட்டம்’ என்று இருப்பதைக் காட்டி, ‘த அட்ரஸ் கிவன் இஸ் ஃபால்ஸ்’ என்று எதிர்மனு போடுவது வீண் வேலை. எழுதிய நாளில் அது சரியான முகவரி. அதற்கு ‘அவுட்டேட்டட்’ என்ற சொல் இருக்கிறது. மாவட்டப் பெயருக்கு முன்னால் ‘முன்னாள்’ என்று பொருள்படும் ‘எர்ஸ்ட்வைல்’ என்பதைச் சேர்த்துவிட்டால் சிக்கலே இல்லை.

அடுத்து, ஆதாரம் இல்லை என்று சொல்லும் சொற்கள். இவைதான் நம் ஊர் மனுக்களில் மிகக் குறைவாகப் பயன்படுபவை. ஆனால் மிக அதிகமாகத் தேவைப்படுபவை. ‘அன்வெரிஃபைட்’ என்றால் இன்னும் யாரும் சரிபார்க்கவில்லை, உண்மையாகவும் இருக்கலாம். ‘அன்சப்ஸ்டான்ஷியேட்டட்’ என்றால் சொன்னவர் ஆதாரம் தரவில்லை. ‘அன்ஃபவுண்டட்’, ‘பேஸ்லெஸ்’ இரண்டும் ஆதாரமே கிடையாது என்று உறுதியாகச் சொல்பவை. வேலூர்க் கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரம் வரை சுரங்கப்பாதை இருப்பதாக நம் ஊரில் சொல்வதுண்டு. இதை ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால் ‘ஃபேப்ரிகேட்டட்’ என்பது பொருந்தவே பொருந்தாது. ஒருவர் திட்டமிட்டு உருவாக்கிய பொய் அல்ல அது, வாய்வழியாக வளர்ந்த கதை. ‘அன்சப்ஸ்டான்ஷியேட்டட்’ பொருந்தும், ‘லெஜண்ட்’ பொருந்தும். ஒரு பெரிய மனிதரைப் பற்றி எல்லோரும் சொல்லும், ஆனால் நடந்ததற்குச் சான்றில்லாத சம்பவத்துக்கு ‘அபாக்ரிஃபல்’ என்பார்கள். கட்டுரையில் அழகாக இருக்கும், காவல் நிலைய மனுவில் விநோதமாக இருக்கும்.

இதே குடும்பத்தில்தான் ‘அலெஜ்டு’ வருகிறது. ‘அலெஜ்டு அசால்ட்’ என்றால், தாக்கியதாகச் சொல்லப்படுகிறது, நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று பொருள். உங்கள் மறுப்பில் எதிராளி சொல்வதைக் குறிப்பிடும் ஒவ்வொரு இடத்திலும் இச்சொல்லைச் சேர்ப்பது கட்டாயம். சேர்க்காமல் ‘த அசால்ட் டுக் பிளேஸ் அட் நைட்’ என்று எழுதிவிட்டால், சம்பவம் நடந்ததை நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஒரு பத்திரம் தன்னை இன்னதென்று காட்டிக்கொள்கிறது, அது உண்மையில் அதுவா என்பது தெரியாது என்றால் ‘பர்போர்ட்டட்’. ‘சோ-கால்டு’ என்பதில் ஏளனம் கலந்திருக்கிறது. சண்டைக்குரிய அச்சொல்லை அலுவல் கடிதத்தில் எழுதாமல் இருப்பதே மேல்.

இனி ‘ஃபேப்ரிகேட்டட்’. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் போனால் ‘ஃபேப்ரிகேஷன் ஒர்க்ஸ்’ என்ற பலகைகள் வரிசையாக நிற்கும். இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, இல்லாத ஒரு பொருளை உருவாக்குகிற தொழில் அது. லத்தீன் மூலத்திலும் இதே பொருள்தான். பொய்க்கு இச்சொல்லை வைக்கும்போதும், ஒருவர் பகுதி பகுதியாகச் சேர்த்து அதை உருவாக்கினார் என்றுதான் நீங்கள் சொல்கிறீர்கள். தமிழில் ‘ஜோடிக்கப்பட்ட வழக்கு’ என்கிறோமே, அந்த ஜோடனைதான். ஆகவே, செய்தி பொய் என்பதோடு, சொன்னவருக்கு அது பொய் என்று தெரியும் என்பதையும் காட்டியாக வேண்டும்.

ஒரு கற்பனைப் புகாரை எடுத்துக்கொள்வோம். ‘மார்ச் 14 மாலை 6 மணிக்குக் காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே இவர் என்னை அடித்தார்’ என்று ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார். புகாருக்கு ஆளானவரோ மார்ச் 12 முதல் 17 வரை மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்திருக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கிறது. இந்தக் காகிதம் எதைக் காட்டுகிறது? அன்றைக்கு அவர் காட்பாடியில் இல்லை என்பதை மட்டும். புகார்தாரர் தேதியைக் குழப்பியிருக்கலாம், கூட்டத்தில் வேறொருவரை இவர் என்று நினைத்திருக்கலாம். எனவே எழுத வேண்டிய வரி இது: ‘த அலிகேஷன் தட் ஐ வாஸ் அட் காட்பாடி ஆன் மார்ச் 14 இஸ் அன்ட்ரூ, ஐ வாஸ் அன் இன்-பேஷன்ட் ஃப்ரம் மார்ச் 12 டு 17.’ இத்தோடு நிறுத்த வேண்டும். ஆனால் அதே புகார்தாரர் மார்ச் 13 அன்று இவருக்கு ‘எந்த வார்டுல இருக்கீங்க, பார்க்க வரேன்’ என்று வாட்ஸாப்பில் செய்தி அனுப்பியிருந்தால் கதையே வேறு. இவர் படுக்கையில் இருப்பது தெரிந்தேதான் அவர் புகார் எழுதியிருக்கிறார். அந்தச் செய்தியின் நகலை இணைத்துவிட்டு, அடுத்த வரியில் தாராளமாக ‘ஃபேப்ரிகேட்டட்’ என்று எழுதலாம்.

சட்டமும் இதே கோட்டைத்தான் போடுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பொய்ச் சாட்சியம் அளிப்பது 227ஆம் பிரிவிலும், பொய்ச் சாட்சியத்தை உருவாக்குவது 228ஆம் பிரிவிலும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டாவதற்குத்தான் ‘ஃபேப்ரிகேட்டிங்’ என்ற சொல். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை 191, 192. அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுத்து மற்றொருவருக்குத் தீங்கு செய்ய வைப்பது பற்றிய, புதிய சட்டத்தின் 217ஆம் பிரிவும், கொடுப்பவர் அது பொய் என்று அறிந்திருக்க வேண்டும் அல்லது நம்பியிருக்க வேண்டும் என்று கேட்கிறது. காவல் நிலையத்தில் வழக்கை ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என்று முடித்துவிட்டார்கள் என்பதற்காக, ‘என் மீதான வழக்கு ஃபேப்ரிகேட்டட் என்று போலீசே சொல்லிவிட்டது’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொற்றொடர் விவரப் பிழை என்றுதான் சொல்கிறது; புகார்தாரர் பொய்யர் என்று சொல்லவில்லை.

‘கன்காக்டட்’ என்பதற்கு மூலப் பொருள் சேர்த்துச் சமைத்தது. பேச்சுவழக்கில் ‘குக்டு-அப்’ என்பதும் அதுவே. பல துண்டு உண்மைகளோடு பொய்யையும் கலந்து பின்னிய நீளமான கதைக்கு இது பொருத்தம். ஒற்றைவரிப் பொய்யை ‘கன்காக்டட்’ என்றால் எடுபடாது. ‘ட்ரம்ப்டு-அப்’ என்பது பெரும்பாலும் குற்றச்சாட்டுக்கும் வழக்குக்கும் மட்டுமே வரும். ‘ட்ரம்ப்டு-அப் சார்ஜ்’ என்றால் நம் ‘பொய் வழக்கு’. ‘ஃப்ரிவலஸ்’ என்பது பொய்யையே குறிக்காது; கவனிக்கத் தகுதியற்ற அளவுக்கு அற்பமானது என்றுதான் பொருள். ‘வெக்சேஷியஸ்’ என்றால் தொல்லை தருவதற்காகவே தொடுக்கப்பட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவு, பொய்யான அல்லது வெக்சேஷியஸ் ஆன கோரிக்கைக்கு ஈட்டுச் செலவு விதிக்க இடம் தருகிறது. வழக்குப் போடுவதையே வழக்கமாகக் கொண்டவர்களைத் தடுக்கச் சென்னை மாகாணம் 1949இலேயே தனிச் சட்டம் இயற்றியது. ஆகவே ஒரே விஷயத்துக்காக எதிராளி முன்பு போட்ட மனுக்களின் எண்களைப் பட்டியலிட முடிந்தால் மட்டும் இச்சொல்லை எழுதுங்கள்.

ஆவணம் சம்பந்தப்பட்ட சொற்களில்தான் குழப்பம் அதிகம். நாம் எல்லாவற்றையும் ‘போலி’ என்றும் ‘டூப்ளிகேட்’ என்றும் சொல்லிப் பழகியதே காரணம். ஆங்கிலத்தில் ‘டூப்ளிகேட் டாக்குமென்ட்’ என்றால் முறையான மறுநகல். போலிப் பத்திரம் அல்ல. ‘ஃபோர்ஜ்டு’ என்பது கையெழுத்துக்கும், பிறர் பெயரில் உருவாக்கிய பத்திரத்துக்கும் உரியது. இதற்கு ஆற்காட்டோடு தொடர்புள்ள ஒருவரே எடுத்துக்காட்டாக இருக்கிறார். 1751இல் ஆற்காட்டு முற்றுகையில் பெயர் வாங்கிய ராபர்ட் கிளைவ், 1757இல் வங்காளத்தில் உமிசந்த் என்ற வணிகரை ஏமாற்ற இரண்டு ஒப்பந்தங்கள் தயாரிக்கச் செய்தார். வெள்ளைத் தாளில் இருந்தது உண்மையானது; உமிசந்துக்குப் பணம் தருவதாகச் சொல்லும் சிவப்புத் தாள் ஒப்பந்தம் அவருக்குக் காட்டுவதற்காக மட்டும். அட்மிரல் வாட்சன் சிவப்புத் தாளில் கையெழுத்திட மறுத்ததால், அவருடைய கையெழுத்தை வேறொருவர் போட்டார். இந்த ஒரே தாளுக்கு இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன. ஒப்பந்தம் என்ற அளவில் அது ‘ஷாம்’ அல்லது ‘ஃபிக்டிஷியஸ்’. வாட்சனின் கையெழுத்து மட்டும்தான் ‘ஃபோர்ஜ்டு’. அதில் இருந்த கிளைவின் கையெழுத்து அவருடையதே. உங்கள் வழக்கிலும் பத்திரம் முழுவதும் போலியா, ஒரு கையெழுத்து மட்டும் போலியா, கையெழுத்து உண்மையாக இருந்து உள்ளடக்கம் பொய்யா என்று பிரித்துப் பார்த்த பிறகே சொல்லை எழுத வேண்டும்.

உண்மையான ஆவணத்தில் பின்னால் கைவைத்திருந்தால் ‘டேம்பர்டு’. படத்தையோ ஒலிப்பதிவையோ அறிக்கையையோ தந்திரமாகத் திருத்தியிருந்தால் ‘டாக்டர்டு’. மருத்துவர்கள் நிறைந்த நம் ஊரில் இச்சொல்லைக் கேட்டால் சிரிப்பு வரும். ‘டாக்டர்டு ரிப்போர்ட்’ என்று எழுதினால் டாக்டர் தந்த அறிக்கை என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு, ஆகையால் ‘ஆல்டர்டு’ என்று எழுதுவது பாதுகாப்பு. பணத்தாளுக்கும் வணிக முத்திரையுள்ள சரக்குக்கும் ‘கவுண்டர்ஃபீட்’. இல்லாத ஆளின் பெயரில் அட்டையோ வாக்கோ இருந்தால் ‘போகஸ்’. இது ரேஷன் கடை வரை புழங்கும் சொல் என்றாலும், எழுத்தில் ‘ஃபிக்டிஷியஸ்’ கண்ணியமாக இருக்கும்.

மருந்தின் விஷயத்தில் மட்டும் அகராதியை மூடிவைத்துவிட்டுச் சட்டத்தைத் திறக்க வேண்டும். ஐடா ஸ்கடர் சாலை நெடுகிலும் மருந்துக்கடைகள் உள்ள ஊரில் இது தேவைப்படும். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், ‘மிஸ்பிராண்டட்’, ‘அடல்ட்ரேட்டட்’, ‘ஸ்பூரியஸ்’ என்று மூன்றுக்கும் தனித்தனி வரையறை தருகிறது. பெயர்ச்சீட்டு விதிப்படி இல்லாதது முதலாவது. அழுகியதோ அசுத்தமானதோ கலப்படமானதோ இரண்டாவது. வேறொரு மருந்தின் பெயரைச் சூட்டிக்கொண்டதோ, இல்லாத நிறுவனத்தின் பெயரைத் தாங்கியதோ மூன்றாவது. மாத்திரை பலன் தரவில்லை என்பதற்காக ‘ஸ்பூரியஸ்’ என்று புகார் எழுதினால், எழுதியவர் நினைத்ததைவிட மிகப் பெரிய குற்றச்சாட்டாக அது ஆகிவிடும். ‘ஐ சஸ்பெக்ட் தட் இட் இஸ் நாட் ஆஃப் ஸ்டாண்டர்டு குவாலிட்டி’ என்று எழுதி, தொகுதி எண்ணையும் ரசீதையும் சேர்த்தால் அதிகாரிக்கு வேலை சுலபம்.

பொய்யே இல்லாத பொய்யும் உண்டு. அதற்கு ‘மிஸ்லீடிங்’ என்று பெயர். 2018இல் குழந்தை கடத்தல் புரளி பரவியபோது நாட்டின் பல பகுதிகளில் சுற்றிய ஒரு காணொளி, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திருப்பி விடும் காட்சியை வெட்டிவிட்டார்கள். ஆகவே அது ‘ஃபேப்ரிகேட்டட் வீடியோ’ அல்ல. ‘ட்ரன்கேட்டட்’, ‘டேக்கன் அவுட் ஆஃப் கான்டெக்ஸ்ட்’ என்பவையே சரி. அதே ஆண்டு மே மாதம், பழைய வட ஆற்காட்டின் பகுதியான போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை இந்தப் புரளியை நம்பிய கூட்டம் அடித்துக் கொன்றது. செய்தியை நம்பி அனுப்பினால் ‘மிஸ்இன்ஃபர்மேஷன்’, பொய் என்று தெரிந்தே கிளப்பினால் ‘டிஸ்இன்ஃபர்மேஷன்’ என்று பிரிப்பார்கள். ஒரே செய்தி, கிளப்பியவர் கையில் இரண்டாவதாகவும், அதை உறவினர் குழுவில் போட்ட சித்தப்பா கையில் முதலாவதாகவும் இருக்கும். வேடிக்கைக்காகவோ பீதிக்காகவோ செய்த ஏமாற்றுக்கு ‘ஹோக்ஸ்’. பள்ளிகளுக்கு வரும் வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் புரளி என்று தெரிந்த பிறகு இச்சொல்லைத்தான் நாளிதழ்கள் போடுகின்றன.

வணிகக் கடிதத்தில் மொத்தக் கணக்கும் மாறிவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் தோல் ஏற்றுமதியாளருக்கு ஐரோப்பிய வாங்குநரிடமிருந்து, சரக்கில் அறுமதிப்புக் குரோமியம் (உடலுக்குத் தீங்கான குரோமிய வடிவம்) வரம்பை மீறியிருக்கிறது என்று மின்னஞ்சல் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். தோல்பொருளில் அதற்கான வரம்பு ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம். 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடப்பில் உள்ளது. பதிலில் ‘யுவர் கிளெய்ம் இஸ் ஃபால்ஸ்’ என்று எழுதினால் இரட்டிப்புத் தீங்கு. ஏற்றுமதித் தொழிலில் ‘கிளெய்ம்’ என்றால் இழப்பீட்டுக் கோரிக்கை. ஆகவே வாங்குநர் பணம் பறிக்கப் பார்க்கிறார் என்று சொன்னதாக ஆகும். அதைவிட முக்கியமாக, இரு தரப்பு அறிக்கையும் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. தோல் பதனிடப் பயன்படும் மும்மதிப்புக் குரோமியம் வெப்பத்தாலும் ஒளியாலும் பிற்பாடு அறுமதிப்பாக மாறக்கூடியது. ‘த ஃபைண்டிங் இஸ் நாட் கன்சிஸ்டன்ட் வித் அவர் டெஸ்ட் ரிப்போர்ட்’ என்று எழுதி, மாதிரி எடுத்த தேதியையும் சேமிப்பு நிலையையும் கேட்பதே முறை. உறுதி கூட்ட வேண்டுமானால் ‘வீ டிஸ்ப்யூட் த ஃபைண்டிங்’ என்பது எல்லை.

நேரடியாகப் பொய்யர் என்னாமல் சுற்றி வளைப்பதில் ஆங்கிலேயர் கெட்டிக்காரர்கள். அவர்கள் நாடாளுமன்றத்தில் சக உறுப்பினரைப் பொய்யர் என்று சொல்லக் கூடாது. 1906இல் வின்ஸ்டன் சர்ச்சில் ‘டெர்மினலாஜிகல் இன்எக்ஸாக்டிட்யூட்’ என்ற தொடரைப் பயன்படுத்த, அது பொய்க்கு மறுபெயராகவே நிலைத்துவிட்டது. 1986இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஒன்றில் பிரிட்டிஷ் அமைச்சரவைச் செயலர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் சொன்ன ‘எகனாமிகல் வித் த ட்ரூத்’ என்பதும் அப்படியே. படித்து ரசிக்கலாம், தாசில்தாருக்கு எழுதும் மனுவில் வேண்டாம்.

மறுக்கும் வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். ‘டினை’ என்றால் இல்லை என்று சொல்வது. ‘ரெஃப்யூட்’ என்றால் ஆதாரத்தோடு தவறென்று நிறுவுவது. வெறும் மறுப்புக்கு அதை எழுதுவது ஆங்கில நாளிதழ்களிலும் காணப்படும் பிழை. ‘ரிபட்’ என்பது எதிர்வாதம் வைப்பது. எதிர்வழக்குரையில் ‘எல்லாவற்றையும் மறுக்கிறேன்’ என்று மொத்தமாக எழுதினால் போதாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 8ஆம் கட்டளை, 3ஆம் விதி ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகப் பதில் கேட்கிறது, 5ஆம் விதி குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளச் சொல்கிறது. மழுப்பலையும் 4ஆம் விதி ஏற்பதில்லை. 50,000 ரூபாய் வாங்கினார் என்ற குற்றச்சாட்டுக்கு ‘50,000 வாங்கவில்லை’ என்றால் 40,000 வாங்கினாரா என்ற கேள்வி நிற்கும். அந்தத் தொகையையோ அதன் எந்தப் பகுதியையோ வாங்கவில்லை என்றுதான் எழுத வேண்டும். உங்களுக்கு நேரடியாகத் தெரியாத விஷயமாக இருந்தால், பொய் என்று அடித்துச் சொல்லாமல், ‘த பிளெயின்டிஃப் இஸ் புட் டு ஸ்ட்ரிக்ட் ப்ரூஃப் ஆஃப் த சேம்’ என்ற நீதிமன்ற வழக்குத் தொடரை வையுங்கள். நிரூபிக்கும் சுமை வாதி தலையிலேயே இருக்கும்.

தட்டச்சு முடிந்த பிறகு, மனுவின் அடியில் உள்ள உறுதிமொழிப் பத்தியைத் தனியே படிக்க வேண்டும். எந்தெந்தப் பத்தி எண்கள் உங்கள் சொந்த அறிவில் உண்மை, எவை பிறர் சொல்லக் கேட்டு உண்மையென்று நம்புபவை என்று அதில் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது அதே சட்டத்தின் 6ஆம் கட்டளையின் 15ஆம் விதி. மேலே சொன்ன புகாருக்கான மறுப்பில், மருத்துவமனையில் இருந்ததைச் சொல்லும் பத்தி முதல் வகையில் வரும். ‘ஃபேப்ரிகேட்டட்’ என்ற சொல் இருக்கும் பத்தியை, புகார்தாரர் அனுப்பிய செய்தியை நீங்களே பெற்றிருந்தால் ஒழிய, முதல் வகையில் சேர்த்துக் கையெழுத்திடாதீர்கள்.